இரண்டு மாதத்தில் தான்சானியா போகிறேன்: அங்கே அன்றாட வாழ்வும் ஜெபமும் எப்படி?

சிறுவிளக்கு:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

எனக்கு 27 வயது. நர்சிங் படித்துவிட்டுத் துறவற சபையில் சேர்ந்தவள். முதல் வார்த்தைப்பாடு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. தான்சானியாவின் தெற்கே சொங்கேயா பக்கம் ஒரு சிறிய மருந்தகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதுமே சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது. கூடவே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சாப்பாடு, மொழி, காய்ச்சல் எல்லாம் எப்படியும் பழகிவிடும். தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. ஆப்பிரிக்காவில் பல வருடம் இருந்து திரும்பிய ஒரு வயதான சிஸ்டரிடம் ஆசீர் வாங்கப் போனேன். நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, "முதல் வருஷம் ஜெபமே வராது, பயப்படாதே" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் மருந்து கொடுக்கிற நேரம் என்று அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். ஜெபம் வராமல் ஒரு துறவி எப்படி ஒரு வருடம் ஓட்டுவது?

அம்மா வேறு சரியாகப் பேசுவதில்லை. போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாள் எப்படிப் போகும் என்பதிலிருந்து சொல்லுங்கள்.

---

பழைய தார்வாசி:

வணக்கம் சிஸ்டர். நான் இந்து. ஜெபத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தார் எஸ் சலாமில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன், சொங்கேயா சாலையில் பலமுறை போனவன். பெட்டி கட்டுவதற்கு முன் சில விஷயம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடித்துவிடுங்கள். சென்னை என்றால் கிண்டி கிங் நிலையத்தில் போடுவார்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தருகிற மஞ்சள் அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இப்போது ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். அப்புறம், ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வெறும் பருத்தித் துணியோடு போய்விடாதீர்கள். சொங்கேயா உயரமான இடம். ஜூன், ஜூலையில் ராத்திரி பல் கிட்டும். நல்ல ஸ்வெட்டர் இரண்டு வேண்டும்.

மணிக் கணக்குதான் எல்லாரையும் ஒருமுறை விழத்தட்டும். சுவாஹிலிக்காரர்கள் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி பஸ் என்றால் 'சா ம்பிலி', அதாவது இரண்டு. நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரிதான். அப்படிப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஊர் ரொம்ப அந்நியமாகவும் தோன்றாது. லட்சத்துக்கு அங்கே 'லாகி'. காசுக்குப் 'பேசா'. ஆட்டோவுக்குப் பெயரே 'பஜாஜி'. மண்சாலையில் உங்களை ஏற்றிப் போகிற வாடகை பைக் பல நேரம் நம் ஓசூர் டிவிஎஸ்ஸாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒரு மழைக்காலத்தில் ஞோம்பே பக்கம் எங்கள் வண்டி சேற்றில் மாட்டி ராத்திரியாகிவிட்டது. அருகில் இருந்த மிஷன் வீட்டுக் கதவைத் தட்டினோம். யார், என்ன மதம், எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் வெந்நீர் வந்தது, பிறகு டீ, பிறகு படுக்க இடம். காலையில் கிளம்பும்போதுதான் பெயர் கேட்டார்கள். அந்த வீட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

---

ருவுமா அக்கா:

தங்கச்சி, நீ போகிற பகுதியில்தான் 11 வருடமாக இருக்கிறேன். இன்று ஞாயிறு, கரண்டும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை ஐந்துக்கு எழுந்தால் வெளியே பனிமூட்டம். கோயில் மணி அடிப்பதற்கு முன்பே பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். காலைச் செபம், ஆறே கால் பூசை. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் எல்லாரையும் நலம் விசாரிப்பார்கள், அதற்கே கால் மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்கு 'ஷிகாமோ' சொல்ல வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்பார்கள். இதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தால், மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உன்னை வளர்ப்பு சரியில்லாதவள் என்றுதான் நினைப்பார்கள். 'தும்சிஃபு யேசு கிறிஸ்து' என்றால் 'மிலேலே அமினா' என்று பதில். நம் ஊரில் 'இயேசுவுக்கே புகழ்' என்றால் 'மரியே வாழ்க' என்கிறோமே, அதுபோலத்தான்.

எட்டு மணிக்கு மருந்தகம் திறக்கும்போது திண்ணையில் முப்பது பேராவது இருப்பார்கள். மழைக்காலம் நவம்பர் கடைசியில் பிடித்து ஏப்ரல் வரை போகும், அப்போது பாதிக்கு மேல் மலேரியா. விரலில் ஒரு சொட்டு ரத்தம், பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிகிறதா என்று பார்ப்பது, தெரிந்தால் ஆலு மாத்திரை. மூன்று நாளில் ஆறு வேளை. மாத்திரையைவிட அதை விளக்குவதுதான் பெரிய வேலை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், அதிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்து, புதுசு இன்னும் வயலில் நிற்கும். அந்த மாதங்களில் ஒரு தாயிடம் 'சாப்பிட்ட பிறகு கொடு' என்று சொல்லும்போது நாக்கு தயங்கும். ஆகவே அலமாரியில் நிலக்கடலை வைத்திருக்கிறோம்.

சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டியது, நம் களிதான். தொட்டுக்கொள்ள அவரை, முளைக்கீரைக்குப் பங்காளியான ம்ச்சிச்சா, சில நாள் ஏரியிலிருந்து வரும் தகா என்ற பொடி மீன். நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவளுக்குத் தகா பார்த்தால் கண்ணில் நீர் வரும்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். அந்தச் சிஸ்டர் சொன்னது நிஜம். காரணத்தை அவர் சொல்லாமல் விட்டதுதான் உன்னை வாட்டுகிறது.

முசோமா பக்கம் ஏரிக்கரையில் மகோகோ மொழிப்பள்ளியில் படித்துவிட்டு இங்கே வந்தேன். இலக்கணம் நன்றாகவே வந்தது. சுவாஹிலியும் நம் தமிழ் போல ஒட்டிக்கொண்டு போகிற மொழி. 'நினாகுபெண்டா' என்ற ஒரே சொல்லில் நான், இப்போது, உன்னை, நேசிப்பது நாலும் இருக்கிறது. ஆனால் நாம் வாலில் 'கள்' சேர்க்கிற இடத்தில் அவர்கள் தலையை மாற்றுவார்கள். கிதாபு ஒரு புத்தகம், விதாபு பல புத்தகம். கோயிலில் முழங்கால் போட்டால் என் மனசு ஆண்டவரைத் தேடாமல் இந்தத் தலைகளைத் தேடிக்கொண்டிருக்கும். அதோடு, அங்கே கடவுளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரே 'வேவே'தான். 'நீர்', 'உம்மை' என்று பிறந்ததிலிருந்து கும்பிட்டவளுக்கு ஆண்டவரை 'நீ' என்று கூப்பிட வாய் கூசும். ஒவ்வொரு வாக்கியத்திலும் சின்னதாக ஒரு கல் தடுக்கும். ஆறு மாதம் இப்படிப் போனதும், எனக்கு விசுவாசமே போய்விட்டது, இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஜூன் மாதம். மருந்தகத்துக்குப் பின்னால் குழாயடிக்கு வாளியில் துணியோடு போனேன். அங்கே வாழைப்பழம் விற்கிற ஒரு பீபி, அதாவது பாட்டி, கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டார். 'துவைக்கணும்' என்று சொல்ல வந்தேன். துவைப்பதற்கு 'குஃபுவா'. நான் சொன்னது 'நத்தாகா குஃபா'. அதற்கு அர்த்தம், நான் சாக வேண்டும்.

பீபி சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். 'போலே, ம்வானங்கு' என்றார். 'ஐயோ, என் பிள்ளை' என்று நம் ஆச்சி சொல்வது மாதிரி. விட்டுப்போன எழுத்து எது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆறு மாதத்து அழுகை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாக 'சலாமு மரியா, உமெஜா நேமா' என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். ஜெபமாலையில் பதில் சொல்வது வழக்கம்தானே. என் வாயில் சுவாஹிலி வரவில்லை. எங்கள் ஆச்சி சொல்கிற பழைய பாடம் தானாக வந்தது: "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." பீபி 'அமினா' என்று சொல்லிவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார். அவர் அவர் மொழியில் முன்பாதி, நான் என் மொழியில் பின்பாதி. ஜெபமாலையின் பத்து மணியும் அப்படியே சொன்னோம். பிறகு இரண்டு பேருமாகத் துணியைத் துவைத்தோம்.

அன்றைக்குத்தான் புரிந்தது, வறண்டு போனது என் விசுவாசம் இல்லை, என் வார்த்தைகள். ஆகவே நீ போகும்போது தமிழைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. புது மண்ணில் முழுசாகக் கலக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். சபைச் செபம், பூசை, நோயாளியோடு ஜெபிப்பது எல்லாம் சுவாஹிலியில் இருக்கட்டும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரு பத்து மணியையாவது தமிழில், வாய்விட்டுச் சொல். மனசுக்குள் சொன்னால் போதாது, காதில் விழ வேண்டும்.

---

நெய்தல் நிலவன்:

சிஸ்டர் எழுதியது மனதைத் தொட்டது. அதை மதித்துத்தான் கேட்கிறேன். நான் கோயிலுக்குப் போகாதவன். நம் மாவட்டத்திலேயே நர்ஸ் இல்லாத ஊர்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு சேர்த்துப் பைபிளையும் கொண்டுபோன கண்டத்துக்கு, இன்று நாமும் அதே வேலையாகப் போவது சரியா? அங்கிருப்பவர்களுக்கு அவர்கள் வழிபாடு இருக்காதா?

---

ருவுமா அக்கா:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. சொங்கேயாவுக்கு வந்த முதல் வாரமே எங்கள் பங்குத்தந்தை என்னை மஜிமஜி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். அவர் இந்த மண்ணின் மகன், ங்கோனி இனத்தவர். 'மஜி' என்றால் தண்ணீர். 1905இல் ஜெர்மானியருக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, மந்திரித்த தண்ணீர் குண்டைத் தண்ணீராக்கும் என்று நம்பினார்கள். 1906 பிப்ரவரியில் ங்கோனித் தலைவர்களை இதே ஊரில் தூக்கிலிட்டார்கள். போரில் செத்தவர்களைவிடப் பயிரை எரித்ததால் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் பல மடங்கு. ஒரு ஜெர்மானிய ஆயரும் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். பங்குத்தந்தை எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "சிஸ்டர், இங்கே யாரும் வெறும் கையோடு வரவில்லை. நீங்கள் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்" என்றார். அதை நான் தினமும் நினைக்கிறேன்.

இங்கே கிறிஸ்துவைக் கொண்டுவருவது என் வேலை இல்லை. பக்கத்துப் பெராமிஹோ மிஷன் 1898இல் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் முதல் கருப்பினக் கர்தினால் லாரியன் ருகம்ப்வா 1960இல் இந்த நாட்டிலிருந்துதான் வந்தார். என் ஆயர் உள்ளூர்க்காரர், மருந்தகப் பொறுப்பாளர் உள்ளூர்க்காரர். நான் அவர்களுக்குக் கீழே வேலை செய்கிறேன். வருகிற நோயாளிகளில் முஸ்லிம்களும் உண்டு. மருந்துச் சீட்டில் மதம் எழுத இடமே கிடையாது. இங்குள்ள ஆயர் எங்கள் சபையிடம் நர்ஸ் கேட்டார், நான் வந்தேன்.

நம் ஊரில் நர்ஸ் இல்லாத கிராமம் இருப்பது உண்மை, அது எனக்கும் வலிக்கிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

---

கடலோடி:

நான் பப்புவா நியூ கினியில் குருவாக இருக்கிறேன். தம்பி நிலவன் கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து.

நான் முத்துக்குளித்துறைக் குடும்பத்துப் பிள்ளை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் எங்கள் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருக்குப் பின்னால் வந்த அன்றிக்கே அடிகளார் தமிழை முறையாகப் படித்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அவர்கள் போர்த்துக்கீசியரின் கப்பலில் வந்தவர்கள்தான், மறைக்கவில்லை. ஆனாலும் எங்கள் பாட்டிமாரிடம் அந்த ஜெபம் தமிழாகத்தான் நின்றது. சிஸ்டரின் ஆச்சி சொன்ன 'சர்வேசுரனுடைய மாதாவே' அந்த வழியில் வந்ததுதான்.

இந்த நாட்டில் எண்ணூறுக்கும் மேல் மொழிகள். எல்லாருக்கும் பொதுவாக டோக் பிசின் உண்டு. ஆங்கிலச் சொற்கள் நிறைந்தது என்பதால் பலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். எனக்கு அது ஒரு பெரிய பரிசு கொடுத்தது. டோக் பிசினில் 'யூமி' என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம். 'மிபெலா' என்றால் கேட்பவரை விட்டுவிட்டு நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, தமிழில் உண்டு. விண்ணகத் தந்தையே ஜெபத்தை அவர்கள் 'பாப்பா பிலாங் மிபெலா' என்று தொடங்குவார்கள், அதாவது எங்கள் தந்தையே. அந்த முதல் ஞாயிறு, நூறு பேர் 'மிபெலா' என்று சொன்னபோது 'எங்கள்' என்று எனக்குத் தமிழாகவே கேட்டது. எங்கள் என்ற சொல்லுக்குள் நானும் இருந்தேன்.

சிறுவிளக்கு சிஸ்டருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பீட்டர் தோ ரோட் என்று ஒரு புனிதர், 2025 அக்டோபரில் பட்டம் பெற்றவர். அவர் குரு இல்லை, மணமான உபதேசியார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வெளிநாட்டுக் குருக்களை அடைத்து வைத்தபோது, ரகுனாய் என்ற ஊரில் ஞானஸ்நானம் கொடுத்து, நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோய், மந்தையைக் காத்தவர் அவர்தான். 1945இல் சிறையிலேயே கொன்றார்கள். நான் மாதம் ஒருமுறை மலை ஏறிப் போகிற ஊர்களில் மற்ற ஞாயிறுகளைக் காப்பவர் உபதேசியார். நான் அங்கே போய்ச் சேரும்போது கால் நடுங்கும். அவர் வீட்டில் கௌகௌ, அதுதான் சர்க்கரைவள்ளி, சுட்டு வைத்திருப்பார்கள். அதைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் பூசை வைக்கவே தெம்பு வரும்.

---

ஒரு தாய்:

எனக்கு இதெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, பேத்திதான் தட்டித் தருகிறாள். என் மகன் பெரு நாட்டில் மலைமேலே ஒரு பங்கில் இருக்கிறான். அவனுக்குக் காலை என்றால் எனக்கு ராத்திரி.

மகளே, உன் அம்மா பேசாமல் இருப்பது கோபம் இல்லை. பேசினால் போகாதே என்று வாயில் வந்துவிடும், அதனால் பேசாமல் இருக்கிறாள். நானும் அப்படித்தான் இருந்தேன். நீ அடுப்படியில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரி. பேச்சு தானாக வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று வீட்டுக்குச் சொல்லு. என் பிள்ளை மறைத்தான். ஒரு மாதம் படுத்திருந்தது எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு விடவில்லையே என்று அன்றைக்கு அழுதேன். நாங்கள் இங்கிருந்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிடாதீர்கள்.

---

பொதிகை:

நாங்கள் சி.எஸ்.ஐ. கணவர் மலாவியில் ஒரு பள்ளியில் ஆசிரியர், மிஷன் வேலையாகக் குடும்பத்தோடு வந்து ஏழு வருடம். ருவுமா அக்கா இருப்பது ஏரிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவர்களுக்கு அது நியாசா ஏரி, எங்களுக்கு மலாவி ஏரி. உகாலிக்கு இங்கே ந்சிமா என்று பெயர்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சின்னவள் கனவில் பேசுவதே சிச்சேவா. தமிழ் தானாக நிற்காது. ராத்திரி ஜெபத்துக்கு முன் ஒரு சங்கீதத்தை அவளே தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' மூன்று மாதம் ஓடியது.

ஊரில் அறுப்பின் பண்டிகைக்குப் படைத்த பூசணிக்காயையும் கோழியையும் ஏலம் விடுவார்களே, அதை விட்டுவிட்டு வந்தோம் என்று ஏங்கினேன். இங்கே முதல் அறுவடை ஆராதனையில் மக்காச்சோளத்தோடும் கோழியோடும் ஆடிக்கொண்டே பீடத்துக்கு வந்தார்கள். பாட்டு மட்டும் ஒரு மணி நேரம். எங்கள் ஊர்க் கோயிலில் யாரும் ஆடமாட்டார்கள். அன்றைக்கு என் கணவர் ஆடினார்.

---

ருவுமா அக்கா:

பொதிகை, இங்கேயும் காணிக்கைக்குக் கோழி, முட்டை, மாவு எல்லாம் வரும், சில ஞாயிறு பூசைக்குப் பின் ஏலமும் உண்டு. ஒருமுறை நான்கு முட்டையை வாங்கியவர் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு, அப்படி மூன்று சுற்று போனது.

---

சிறுவிளக்கு:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தாய் அம்மா சொன்னபடி வெங்காயம் உரித்தேன். பேச்சு வந்தது. நன்றி அம்மா.

ருவுமா அக்கா, ஒன்று கேட்கவா? அப்பாவுக்கு இதய நோய் இருக்கிறது. நான் அங்கே இருக்கும்போது ஏதாவது ஆனால்? இதை வீட்டில் கேட்க முடியவில்லை.

---

ருவுமா அக்கா:

எனக்கு அது நடந்தது தங்கச்சி. நான்காவது வருடம். தம்பி வாட்ஸ்அப்பில் அழைத்தபோது இங்கே காலை பத்து, ஊரில் பன்னிரண்டரை. சொங்கேயாவிலிருந்து தார் எஸ் சலாம் ஆயிரம் கிலோமீட்டர் பக்கம், பஸ்ஸிலேயே ஒரு நாள் போய்விடும், அப்புறம் விமானம். மறுநாள் மாலை அடக்கம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். வர முடியாது என்று தம்பியிடம் நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் இருக்கிறது. அதை உனக்கு இனிப்பாக்கிச் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் 'ஹோதி' என்று குரல் கேட்டது. கதவைத் தட்டுவதற்குப் பதிலாக இங்கே அப்படிக் கூப்பிடுவார்கள், நாம் 'கரிபு' என்று சொன்னால் உள்ளே வருவார்கள். எனக்குக் குரல் எழவில்லை, அவர்களே வந்தார்கள். எங்கள் ஜுமுயா முழுவதும் வந்திருந்தது. ஜுமுயா என்பது நம் அன்பியம்தான். பத்துப் பதினைந்து வீடுகள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பது. 1970களில் கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் கையிலெடுத்து, இன்று இங்கே திருச்சபையின் முதுகெலும்பே அதுதான். பெண்கள் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே நெருப்பு மூட்டினார்கள். ஒருவர் கையில் மாவு, ஒருவர் கையில் அவரை, ஒருவர் கையில் விறகு. ஒரு நோட்டில் பெயர் எழுதி ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் ஷில்லிங் என்று துக்கப் பணம் சேர்த்தார்கள், அதற்கு ரம்பிரம்பி என்று பெயர். அங்கே கொடுத்தவர்களில் பாதிப் பேர் மருந்தகத்தில் என்னிடம் கடன் சொல்லி மாத்திரை வாங்கியவர்கள். நம் ஊரில் துட்டி கேட்க வருவார்களே, அதேதான். மூன்று நாள் என்னைத் தனியாகப் படுக்க விடவில்லை. ராத்திரி கண் விழித்தால் பக்கத்தில் யாராவது ஒருத்தி படுத்திருப்பாள்.

வாழைப்பழப் பீபி என் அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் நாக்கில் அது சரியாக உட்காரவில்லை, ஆனாலும் மூன்று நாளும் ஒவ்வொரு ஜெபத்திலும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவைப் படத்தில்கூடப் பார்க்காத என் அப்பாவின் பெயரை அந்த முற்றத்தில் அறுபது பேர் சொல்லி அழுதார்கள்.

போவதற்கு முன் அப்பாவிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசிவிடு. மன்னிப்பு கேட்க வேண்டியது இருந்தால் கேள். நான் கேட்டிருந்தேன். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

---

நெய்தல் நிலவன்:

படித்தேன் சிஸ்டர். என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்ட தொனி இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. சிறுவிளக்கு, நல்லபடியாகப் போய் வாருங்கள்.

---

சிறுவிளக்கு (ஏழு மாதம் கழித்து):

இயேசுவுக்கே புகழ். மகோகோவில் மொழிப்படிப்பு முடிந்து, சொங்கேயா பக்கம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நெட்வொர்க் கிடைக்கும் மாமரத்தடியிலிருந்து எழுதுகிறேன்.

தார்வாசி ஐயா, ஸ்வெட்டருக்காக உங்களை வாழ்த்தாத இரவில்லை. ஒரு மலேரியா வந்து போனது. வீட்டுக்கு அன்றைக்கே சொன்னேன், தாய் அம்மா. அம்மா ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது, அவள் ஒன்பதையும் முடித்துவிட்டுத்தான் விட்டாள்.

ஜெபம் வரவில்லை. அந்தச் சிஸ்டர் சொன்னது போலவேதான். ஆனால் ஏன் என்று தெரிந்திருப்பதால் பயமில்லை. ராத்திரி ஜெபமாலையில் ஒரு பத்து மணியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்து அறை சிஸ்டர் தான்சானியாக்காரி. நான் யாரோடோ போனில் பேசுகிறேன் என்று முதலில் நினைத்தாளாம். இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'அமினா' என்று கேட்கிறது.

ருவுமா அக்கா, அவசரமாக ஒரு சந்தேகம். இந்த வியாழக்கிழமை ஜுமுயா எங்கள் வீட்டில். முதல் தடவை. சமையல் என் முறை. லெமன் சாதம் செய்யலாமா?

---

ருவுமா அக்கா:

வேண்டாம். புளிப்புச் சோறு பிள்ளைகள் தொடமாட்டார்கள். மக்காச்சோளத்தையும் அவரையையும் சேர்த்து வேகவை, 'மகாண்டே' என்று பக்கத்து அறை சிஸ்டரிடம் கேள், சொல்லித் தருவாள். ராத்திரியே ஊறப் போடு. டீயில் இஞ்சி தட்டிப் போடு, சர்க்கரை தாராளமாக இருக்கட்டும். டம்ளர் போதாது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள், கேட்டால்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி. பெரியவர்கள் வந்ததும் முதலில் ஷிகாமோ.